கடைசித் தேதிக்கு முன்பே முடிந்துபோன கடைசித் தேதி

நிலவியல் துறையின் தபால் தட்டுகள் ஒரே மர அலமாரியில் மேலிருந்து கீழாக அடுக்கப்பட்டிருந்தன. கண்ணுக்கு நேராக இருந்த மேல்வரிசை பேராசிரியர்களுக்கு. அதற்கடுத்த வரிசைகள் பதவி இறங்க இறங்கத் தாமும் இறங்கி, கடைசி வரிசை தரையைத் தொட்டுக்கொண்டு நின்றது. அதில் ஏதேனும் வந்திருக்கிறதா என்று பார்க்க, ஒருவர் அலமாரியைப் பிடித்துக்கொண்டு குத்துக்காலிட்டு உட்கார வேண்டும். அந்த வரிசையின் வலது கோடித் தட்டு கல்லக்காவுடையது.

மாணவர்கள் வைத்த பெயர் அது. பாறைத் துண்டை அறுத்து, கண்ணாடியில் ஒட்டி, வெளிச்சம் ஊடுருவும் அளவுக்குத் தேய்த்து, நுண்ணோக்கியில் வைத்துப் பார்க்கத் தக்க மெல்லிய தகடாக்குவது அவர் வேலை. அந்தத் தகட்டில் தெரியும் கனிமங்களை இனம் பிரித்துப் பார்க்க இளநிலை மாணவர்களைப் பழக்குவதும் அவர் வேலை. இரண்டு வேலைக்கும் சேர்த்து அவருக்கு இருந்தது ஓராண்டு ஒப்பந்தம். ஆண்டுதோறும் அது புதுப்பிக்கப்பட்டது. ஆண்டுதோறும் அது புதுப்பிக்கப்படுமா என்ற கவலையும் உடன் புதுப்பிக்கப்பட்டது.

துறைக்குள் அவர் முதன்முதலில் வந்தது ஒருவரின் பிரசவ விடுப்புக்கு மாற்றாக. விடுப்பில் போனவர் திரும்பவில்லை. மாற்றாக வந்தவர் மாற்றாகவே தங்கிவிட்டார். அப்போது அவர் பள்ளிப் படிப்போடு நின்றவர். ஒருநாள் நுண்ணோக்கியில் ஊதாவும் மஞ்சளுமாக மினுங்கிய ஒரு கனிமத்தைப் பார்த்து, "சார், இது என்னது?" என்று அருகிலிருந்த பேராசிரியரிடம் கேட்டார். "அது உனக்கு எதுக்கு? நீ தேய்ச்சுக் கொடு, போதும்" என்று பதில் வந்தது. எதற்கு என்று காட்டிவிடுவதாக அன்றைக்கே அவர் மனத்துக்குள் முடிவு செய்தார். அஞ்சல்வழியில் இளங்கலை, அதே வழியில் முதுகலை. பிறகு வேலையை விடாமலே பகுதிநேர முனைவர் பட்ட ஆய்வுக்குப் பதிவு செய்துகொண்டார். கடற்கரையை ஒட்டிய பழைய கட்டடங்களின் கல்தூண்கள் ஏன் உள்ளிருந்து செதில் செதிலாக உரிகின்றன, உப்பு எந்த வழியில் கல்லுக்குள் நுழைகிறது என்பதுதான் அவருடைய ஆய்வு.

ஒரே ஒரு அளவீடு பாக்கியிருந்தது. அதற்கான கருவி வேறொரு நிறுவனத்தில் இருந்தது. அதன் வாடகை அவர் சம்பளத்தைக் கேலி செய்யும் வகையில் இருந்தது. இது அவர் பதிவின் கடைசி ஆண்டு. அளவீடு முடியாவிட்டால் ஆய்வேடு இல்லை. ஆய்வேடு இல்லாவிட்டால் பதிவு தானாகவே காலாவதியாகிவிடும்.

இந்த நிலையில்தான் ஒரு காலை அந்தக் கோடித் தட்டில் ஒரு சுற்றறிக்கை கிடந்தது. "பணியாளர் ஆய்வு நிறைவு நல்கை" என்று தலைப்பு. பகுதிநேர முனைவர் ஆய்வு செய்யும் ஒப்பந்தப் பணியாளர்களுக்கு மட்டும், ஐந்து பேருக்கு, வெளிக்கருவி வாடகை உட்பட. குத்துக்காலிட்ட நிலையிலேயே இரண்டு முறை படித்தார். தன்னை எதிரில் உட்காரவைத்து அளவெடுத்தது போலிருந்தது. துறையில் அந்தத் தகுதி இருந்தது அவர் ஒருவருக்குத்தான். பிறகு கண் கீழே இறங்கியது. துறையில் விண்ணப்பம் தரக் கடைசித் தேதி: நேற்று.

ஓரத்தில் கையெழுத்துகள் இருந்தன. அந்தத் துறையில் எந்தச் சுற்றறிக்கையும் பணிமூப்பு வரிசையில்தான் போகும். மூத்தவர் பார்த்துக் கையெழுத்திட்ட பிறகே அடுத்தவர் தட்டுக்கு இறங்கும். யாரையும் தாண்டிப் போகக் கூடாது. இந்தச் சுற்றறிக்கையும் அப்படித்தான் இறங்கியிருந்தது. கையெழுத்திட்டவர்கள் அத்தனை பேரும் முனைவர் பட்டம் வாங்கி, அதைப் பெயருக்கு முன்னால் போட்டுப் போட்டு அலுத்தவர்கள். ஒருவருக்குக்கூட இந்த நல்கையில் ஒரு காசு உரிமை கிடையாது. ஆனாலும் ஒவ்வொருவரும் பார்த்திருந்தார்கள். எல்லோரும் "படிவம் சார்" என்று அழைக்கும் புதைபடிவப் பேராசிரியர் மட்டும் கையெழுத்தோடு "குறித்துக்கொண்டேன்" என்றும் எழுதியிருந்தார். அவர் ஆராய்ச்சி விடுப்பில் வெளிநாடு போய், சென்ற வாரம்தான் திரும்பியவர். அவர் வரும்வரை அந்தக் காகிதம் அவருடைய தட்டில் அவருக்காகக் காத்திருந்திருக்கிறது. எதைக் குறித்துக்கொண்டாரோ, எதற்குக் குறித்துக்கொண்டாரோ!

கல்லக்கா எழுந்தார். முதல் வேலையாகக் காகிதத்தை நகல் எடுத்துக்கொண்டார். இரண்டாவது வேலையாகத் துறைத் தலைவரின் கதவைத் தட்டினார்.

"சார், இது எனக்கு இன்னைக்குத்தான் வந்துச்சு. கடைசித் தேதி நேத்து."

"அடடா" என்றார் துறைத் தலைவர். செலவில்லாமல் கொடுக்கக்கூடியது அந்த ஒரு சொல்தான் என்பதால் அதைத் தாராளமாக நீட்டிச் சொன்னார். "எல்லாரும் பார்த்துட்டாங்களேம்மா?"

"பார்த்தவங்க யாருக்கும் இது கிடையாது சார். கிடைக்கவேண்டியவதான் பார்க்கல."

"நியாயம்தான். ஆனா வரிசைன்னு ஒண்ணு இருக்குல்ல?"

"படிவம் சார் ஊர்லயே இல்லையே சார். அவரைத் தாண்டி அனுப்பியிருக்கலாமே?"

"நல்லா சொன்னே! விடுப்புல இருந்தாலும் மூத்தவர் மூத்தவர்தான். அவரைத் தாண்டிட்டா, வந்த உடனே என் சட்டையைப் பிடிப்பாரு. போன தடவை காலண்டர் கொடுக்கறதுல தாண்டினதுக்கே ஒரு மாசம் என்கிட்ட பேசல."

கல்லக்கா காகிதத்தை மேசைமேல் வைத்து, ஒரு வரியின் கீழே விரலை வைத்தார். "நல்கைக் குழுவுக்குப் போய்ச் சேரவேண்டியது மாசக் கடைசின்னு போட்டிருக்கு சார். இன்னும் நாள் இருக்கு. நேத்துங்கிறது யார் வெச்ச தேதி?"

"அது துறைக்குள்ள வெச்சுக்கற தேதிம்மா. நான்தான் வெச்சேன். டீன் ஆபீஸ்ல ஒரு தேதி வெப்பாங்க, அதுக்கு முன்னாடி நம்ம கையில இருக்கணும்ல? இல்லன்னா கடைசி நிமிஷத்துல ஓடிவந்து என் உயிரை வாங்குவாங்க."

"நான் என்னைக்காவது உங்க உயிரை வாங்கியிருக்கேனா சார்?"

"உன்னைச் சொல்லல. பொதுவாச் சொன்னேன்." பிறகு அவர் குரல் இறங்கியது, பெரிய மனது பண்ணப்போகிறவர்களின் குரல் எப்போதும் முதலில் கொஞ்சம் இறங்கும். "சரி, ஒண்ணு பண்ணு. என்னோட கவனக்குறைவால தாமதமாயிடுச்சு, மன்னிச்சு ஏத்துக்கணும்னு ரெண்டு வரி எழுதி விண்ணப்பத்தோட வெச்சிடு. நான் பரிந்துரை பண்ணிடறேன். நான் என்ன கல் மனசுக்காரனா?"

"என்னோட கவனக்குறைவா சார்?"

"வார்த்தைதானேம்மா."

வார்த்தைதான். ஆனால் ஒப்பந்தக்காரர்களின் வார்த்தைகள் காற்றோடு போவதில்லை, கோப்புக்குள் போகின்றன. வரைபட அறையில் இருந்த ஒரு பெண், எப்போதோ ஒரு சின்ன விஷயத்துக்கு இதேபோல "வார்த்தைதானே" என்று மன்னிப்பு எழுதிக் கொடுத்தார். மறுவருடம் ஒப்பந்தம் புதுப்பிக்கும் நேரத்தில் அந்தக் கடிதம் மட்டும் கோப்பிலிருந்து எழுந்து வந்து மேசைமேல் உட்கார்ந்துகொண்டது. எழுதச் சொன்னவர் அந்த மேசையில் இருந்தார். தாம் சொல்லித்தான் எழுதினார் என்று வாய் திறக்கவில்லை. அந்தப் பெண் இப்போது அந்த அறையில் இல்லை.

மாலையில் கல்லக்கா வீட்டுக்குப் போகாமல் நேராகக் கணவரின் தையல் கடைக்குப் போனார். கணவர் ஒரு சட்டைக்குக் காலர் வெட்டிக்கொண்டிருந்தார். நடந்ததையெல்லாம் கேட்டுவிட்டுக் கத்தரிக்கோலைக் கீழே வைத்தார்.

"உலகத்துல தேதி விஷயத்துல திட்டு வாங்கறவன் தையல்காரன் ஒருத்தன்தான்னு நெனச்சேன். நாங்களாவது செவ்வாய்க்கிழமைன்னு சொல்லிட்டு சனிக்கிழமை கொடுப்போம். உங்க ஆளுங்க சனிக்கிழமைக்கானதைச் செவ்வாய்க்கிழமையே முடிச்சிடறாங்களே!"

"சிரிக்காதீங்க. எனக்கு எரியுது."

"சரி, எனக்குப் புரியற மாதிரி சொல்லு. மேல இருக்கறவன் ஒரு தேதி வெச்சான். அதுக்கு முன்னாடி இவன் ஒண்ணு. அதுக்கும் முன்னாடி உங்க ஆளு ஒண்ணு. அப்படித்தானே?"

"அப்படித்தான்."

"ஆளாளுக்கு மடிப்புக்குன்னு துணியை விட்டுக்கிட்டே வந்தா, கடைசியில சட்டை எங்க இருக்கும்? வெறும் மடிப்புதான் இருக்கும்." தன் நகைச்சுவையைத் தானே ரசித்துவிட்டு, மனைவியின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். "இங்க பாரு, ரெண்டு வரிதானே? எழுதிக் கொடுத்துட்டு வேலையைப் பாரு. மன்னிப்புக் கேட்டா வாய் என்ன தேஞ்சா போயிடும்?"

"தேயும். தேய்மானத்தைப் பத்தி என்கிட்டயே சொல்றீங்களா?"

"கோவத்துல நல்கை போச்சுன்னா? இத்தனை வருஷம் கண்ணு வலிக்க உட்கார்ந்து படிச்சது என்னாகும்? அந்தக் கல்லு உரியறதைப் பத்தி ஊர்ல வேற யாருக்கும் கவலை இல்ல. உனக்கு மட்டும்தான் இருக்கு. அதை விட்டுடாதே. அவ்வளவுதான் நான் சொல்றது."

அதில் உண்மை இருந்தது. அதனால்தான் அது வலித்தது. நல்கை இல்லாவிட்டால் ஆய்வு செத்தது. மன்னிப்பு எழுதினால் அடுத்த ஆண்டு வேலை யாரோ ஒருவரின் மனநிலையைப் பொறுத்தது. எதை விட்டாலும் விட்டவர் அவராகத்தான் இருப்பார். காகிதத்தைத் தட்டில் அடைகாத்தவர்களுக்கு எதுவும் போகப்போவதில்லை.

மறுநாள் அவர் விண்ணப்பத்தோடு ஒரு கடிதத்தையும் கொண்டுபோய்த் துறைத் தலைவர் முன் வைத்தார். சுற்றறிக்கை எப்போது துறைக்கு வந்தது, யார் யாரிடம் எவ்வளவு நாள் இருந்தது, தன் தட்டுக்கு எப்போது வந்தது, வந்த மறுநாளே விண்ணப்பம் தரப்படுகிறது. அவ்வளவுதான் கடிதம். ஒரு பெயரடைகூட அதில் இல்லை.

துறைத் தலைவர் கடைசி வரிவரை படித்துவிட்டுப் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தார்.

"இதுல மன்னிப்பு எங்கம்மா?"

"தேடிப் பாருங்க சார். கிடைச்சா எனக்கும் சொல்லுங்க."

"ரொம்பப் பேசறே."

"நேத்துவரைக்கும் பேசாமத்தான் சார் இருந்தேன். அதனாலதான் என் தட்டுக்குக் கடைசியா வருது."

அவர் கையெழுத்துப் போட்டார், ஆனால் பரிந்துரைக் கட்டத்தில் "காலங்கடந்து வந்தது. டீன் அவர்களின் முடிவுக்கு" என்று எழுதினார். அந்த வாக்கியம் தன் கையைக் கழுவி, ஈரத்தை மேலே இருப்பவர் துணியில் துடைத்துக்கொண்டது. கல்லக்கா விண்ணப்பத்தைத் தானே சுமந்துகொண்டு டீன் அலுவலகத்துக்குப் போனார். அங்கிருந்த கண்காணிப்பாளர் பல்லாண்டு அனுபவம் மிக்க பெண்மணி; "காலங்கடந்து" என்ற சொல்லைப் பார்த்ததும் அவருடைய கை பழக்கதோஷத்தில் "தாமதம்" முத்திரையை எடுத்துவிட்டது. கல்லக்கா விண்ணப்பத்தின்மேல் உள்ளங்கையை விரித்து வைத்தார்.

"அம்மா, என் கையிலதான் குத்தணும்."

கண்காணிப்பாளர் சிரித்துவிட்டார். "ரொம்பத் தைரியசாலிதான். வெச்சிட்டுப் போங்க. ரெண்டு நாள்ல வாங்க, டீன் என்ன எழுதறார்னு பார்ப்போம்."

இரண்டு நாள் கழித்துப் போனபோது கண்காணிப்பாளர் முகமெல்லாம் மலர்ந்திருந்தார். "அனுப்பறார்மா! உங்களுக்கு யோகம்தான். இணைப்புகளுக்கு மட்டும் இன்னொரு நகல் வெச்சிடுங்க, சாயங்காலம் போயிடும்."

கல்லக்கா காகிதத்தை வாங்கிப் பார்த்தார். டீனின் அழகான சாய்ந்த கையெழுத்தில், "தாமதமாயினும், கருணை அடிப்படையில் பரிந்துரைக்கப்படுகிறது" என்றிருந்தது.

அவருக்கு முதலில் காதுகள்தாம் சூடாயின. ஒரு திருடன் பணப்பையைப் பிடுங்கிக்கொண்டு ஓடி, கொஞ்ச தூரத்தில் நின்று, அதிலிருந்தே இரண்டு நாணயத்தை எடுத்துத் தர்மம் பண்ணினால் எப்படியிருக்கும்? அவருடைய நாட்களை எடுத்துக்கொண்டவர்கள், மிச்சமிருந்த நாட்களை அவருக்கே கருணையாகத் தருகிறார்கள். அதற்கு அவர் நன்றி சொல்ல வேண்டுமாம். வாயை மூடிக்கொண்டு நகலை வைத்துவிட்டுப் போனால் நல்கை கிடைத்துவிடக்கூடும். கணவரின் குரல் காதில் கேட்டது. கேட்டும் அவர் கண்காணிப்பாளரிடம், "டீன் சார் உள்ள இருக்காரா?" என்றார்.

"இருக்கார். எதுக்கு?"

"இந்த வரியை அடிச்சுவிடச் சொல்லணும்."

"ஐயோ, வேண்டாம்மா! கைக்கு எட்டினதைத் தட்டிவிடாதீங்க" என்று கண்காணிப்பாளர் எழுவதற்குள் கல்லக்கா உள்ளே போயிருந்தார். கண்காணிப்பாளரும் பின்னாலேயே ஓடினார்.

டீன் கண்ணாடியைக் கழற்றினார். "கிடைக்கப்போகுதுல்லம்மா? அப்புறம் என்ன?"

"கருணையில கிடைக்க வேண்டாம் சார்."

"வேற எந்த அடிப்படையில அனுப்பறது? தேதி தாண்டிடுச்சே."

"எந்தத் தேதி சார்?"

டீன் கண்காணிப்பாளரைப் பார்த்தார். "நம்ம தேதி என்னைக்கு?"

"அடுத்த வெள்ளிக்கிழமை சார்" என்றார் கண்காணிப்பாளர், தரையைப் பார்த்துக்கொண்டு.

"இன்னும் வரலையா?"

"வரல சார்."

"அப்ப எந்தத் தேதி தாண்டுச்சு?"

"துறைத் தேதி சார். தலைவர் வெச்சது."

"அவர் யாரைக் கேட்டு வெச்சார்?"

கண்காணிப்பாளர் கொஞ்சம் தயங்கினார். "நீங்கதான் சார்… போன வருஷக் கூட்டத்துல, எல்லாத்தையும் கொஞ்சம் முன்னாடியே வாங்கி வெச்சுக்கோங்கன்னு சொன்னீங்க."

"கொஞ்சம்னுதானே சொன்னேன்!"

"எல்லாரும் கொஞ்சம் கொஞ்சம்தான் சார் எடுத்துக்கிட்டாங்க" என்றார் கல்லக்கா.

டீன் பேனாவை எடுத்தார். தன் வாக்கியத்தை அடித்தார். அதற்குப் பதிலாக என்ன எழுதுவது என்று பேனா சற்று நேரம் காற்றில் நின்றது. எழுத ஒன்றுமில்லை. நேரத்துக்கு வந்த விண்ணப்பத்துக்குக் காரணம் தேவையில்லை. "பரிந்துரைக்கப்படுகிறது" என்ற ஒற்றைச் சொல்லை எழுதி, அடித்தலின் பக்கத்தில் சுருக்கொப்பமிட்டு, காகிதத்தைத் தள்ளினார். "சில பேருக்கு நல்லது பண்ணவே முடியாது" என்று அவர் கண்ணாடியிடம் சொன்னார்.

நல்கை கிடைத்தது. அந்தச் செய்தி வந்த அன்று கணவர் தன் கடையில் இருந்த வாடிக்கையாளர்களுக்கெல்லாம் தேநீர் வாங்கிக் கொடுத்து, ஒருவரின் கால்சட்டையைச் சொன்ன தேதியிலேயே தைத்தும் கொடுத்தார். கல்லக்கா அந்தக் கருவிக்கு நாள் குறித்துக்கொண்டார். கதை இதோடு முடிந்திருந்தால் அவருடைய கோபமும் மெல்ல ஆறியிருக்கும்.

ஆனால் டீனின் கீழிருந்த துறைகள் எல்லாம் சேர்ந்து நடத்தும் பாராட்டு நாள் ஒன்று இருந்தது. சிறந்த ஆய்வுக் கட்டுரை, சிறந்த ஆசிரியர், மாணவர் பயண உதவி என்று வரிசையாக அழைத்துக் கொடுத்துக்கொண்டே வந்தார்கள். பணியாளர் நல்கையின் முறை வந்ததும் டீன் ஒலிவாங்கியைத் தன் பக்கம் திருப்பினார். குரலில் உண்மையான வருத்தம் இருந்தது.

"ஐந்து பேருக்கு இடமிருந்தது. வந்தது ஒரே ஒரு விண்ணப்பம். மீதி நிதியைத் திருப்பி அனுப்பிவிட்டோம். நம் பணியாளர்களிடையே ஆய்வு ஆர்வம் குறைந்துவருவது எனக்கு மிகுந்த கவலையளிக்கிறது. அந்த ஆர்வம் உள்ள ஒரே ஒருவரை இப்போது மேடைக்கு அழைக்கிறேன்."

முன்வரிசையில் தலைகள் கவலையோடு அசைந்தன. புதைபடிவப் பேராசிரியரின் தலையும் அசைந்தது.

கல்லக்கா மேடையேறினார். கடிதத்தை வாங்கினார். புகைப்படத்துக்கு நின்றார். "இரண்டு வார்த்தை" என்று டீன் ஒலிவாங்கியைக் காட்டினார். நன்றி என்பதைத்தான் அவர் அந்த இரண்டு வார்த்தைகளாக எண்ணியிருக்க வேண்டும்.

"ஆர்வம் குறையல சார்" என்றார் கல்லக்கா. ஒலிபெருக்கியில் தன் குரல் இவ்வளவு பெரிதாக இருக்கும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. எதிர்பார்க்காதது நல்லதாகப் போயிற்று. "இந்த நல்கை யாருக்குன்னு வந்துச்சோ, அவங்ககிட்ட இந்தக் காகிதம் போகவே இல்ல. எனக்கு வந்தப்ப எங்க துறைத் தேதி முடிஞ்சிருந்துச்சு. என்னை மன்னிப்பு எழுதித் தரச் சொன்னாங்க. நான் எழுதல. அதனால இங்க நிக்கறேன். மத்த துறையில எத்தனை பேர் எழுதிக் கொடுக்க மனசில்லாம விட்டாங்களோ, எத்தனை பேருக்கு வரவே இல்லையோ, அதை விசாரிக்காம ஆர்வம் இல்லன்னு சொல்றது அநியாயம். அந்தப் பணத்தைத் திருப்பி அனுப்பினது அதைவிட அநியாயம்."

கைதட்டல் வரவில்லை. பின்வரிசையில் மாணவர்கள் யாரோ ஒருவர் தொடங்கி, முன்வரிசையின் முதுகுகளைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். கல்லக்கா படியிறங்கினார்.

வெளியே சிற்றுண்டி மேசையருகில் துறைத் தலைவர் தட்டோடு வந்து பக்கத்தில் நின்றார். "ஏம்மா, ஒரு நல்ல நாள்ல இதெல்லாம் தேவையா?"

"நல்ல நாள் எனக்கு ஒருத்திக்குத்தானே சார்?"

அவர் தட்டிலிருந்து நிமிர்வதற்குள், சட்டைக் கையை முழங்கைவரை மடித்துவிட்ட ஒருவர் தயங்கித் தயங்கி அருகில் வந்தார். நகங்களில் மண் இருந்தது. தாவரவியல் துறையின் கண்ணாடி வீட்டில் செடிகளைப் பார்த்துக்கொள்ளும் ஒப்பந்தக்காரர் தாம் என்றும், வாசலில் பூந்தொட்டி அடுக்க வந்ததாகவும் சொன்னார்.

"நானும் பகுதிநேரத்துல ஆய்வுக்குப் பதிவு பண்ணியிருந்தேன் மேடம். இப்படி ஒரு நல்கை இருக்குங்கறதே நீங்க மைக்ல சொன்னப்பத்தான் தெரியும்."

"பண்ணியிருந்தேன்னா?"

"கட்டணம் கட்ட முடியல. போன மாசம் பதிவை ரத்து பண்ணிட்டாங்க." தன் தவறைச் சொல்பவர் போல அவர் லேசாகச் சிரித்தார். "ஆய்வேடு எழுதறது மட்டும்தான் மேடம் பாக்கி இருந்துச்சு."

கல்லக்கா கையிலிருந்த கோப்பையை மேசையில் வைத்தார். தேநீர் விளிம்பு தாண்டிச் சிந்தியது.

"ரத்து பண்ணிட்டாங்கன்னு யார் சொன்னது?"

"ஆபீஸ்ல."

"எழுத்துல கொடுத்தாங்களா?"

"இல்ல, வாயாலதான்."

"எழுத்துல வரலன்னா ரத்து ஆகல. வாங்க."

"எங்க மேடம்?"

"டீன் இன்னும் கிளம்பல. உள்ளதான் இருக்கார்."

"இப்பவா? எல்லாரும் சாப்பிட்டுக்கிட்டு இருக்காங்களே!"

"சாப்பிடட்டும். நாம நின்னுக்கிட்டே பேசலாம்."

விருது பெற்றவர்கள் எல்லோரும் குழுப் படத்துக்கு வரவேண்டும் என்று யாரோ ஒலிபெருக்கியில் இரண்டாவது முறையாக அழைத்துக்கொண்டிருந்தார்கள். கல்லக்கா அந்தப் பக்கம் திரும்பவில்லை. மண் படிந்த கையைக் கால்சட்டையில் துடைத்தபடி கண்ணாடி வீட்டுக்காரர் பின்தொடர, அவர் கூட்டத்தைப் பிளந்துகொண்டு டீன் இருந்த மேசையை நோக்கி நடந்தார்.